பாக்டீரியாவாக நடித்த அத்தான்

அத்தானுக்கு பாக்டீரியா வேஷம் கொடுப்பது என்று நான் முடிவு செய்தபோது என் மனதில் இருந்தது கலை ஆர்வம் அல்ல, சுத்தமான வன்மம். எங்கள் திருச்சபை ஆண்டு விழா மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு மருந்தாக வந்து அவரை அடிக்க வேண்டும். கடைசியில் அவர் மல்லாந்து விழ வேண்டும். நான் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

காரணம் இல்லாமல் இல்லை. நான் மும்பை செம்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஜனங்களின் சிறுநீர், சளி, சீழ் எல்லாம் எங்களிடம் வரும். அவற்றில் இருக்கும் பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை அதன் மேல் வைத்து மூடிவைப்போம். மறுநாள் திறந்து பார்த்தால் எந்த மருந்து வேலை செய்தது, எதைப் பாக்டீரியா சட்டை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். வேலை செய்தால் எஸ் என்று எழுதுவோம், செய்யாவிட்டால் ஆர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஸ் நிறைய எழுதினேன். இப்போது ஆர் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தாராவியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சந்தில். ஆள் நல்ல உயரம், தெருமுனையில் பேசினால் வீட்டுக்குள் குக்கர் மூடி அதிரும். அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பாதி தின்ற மாத்திரை அட்டைகள் கிடக்கும். தொண்டை கரகரத்தால் ஒன்று, வயிறு கலங்கினால் ஒன்று, பல் வலித்தால் ஒன்று. கொஞ்சம் சுகமானதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவார். சந்தில் யாராவது தும்மினாலும் போதும், டப்பாவோடு போய் நிற்பார்.

"ஏட்டி, நீ செம்பூர்ல உக்காந்து பாக்டீரியா வளக்குத. நான் இங்கன கொல்லுதேன். யாரு பெரிய ஆளு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பாதி மருந்தில் நிறுத்தினால் பலவீனமான பாக்டீரியா செத்து, தாக்குப்பிடிக்கிறது மட்டும் மிஞ்சி வளர வாய்ப்பு உண்டு என்று நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பேச்சு மீன் விலைக்குப் போயிருக்கும்.

இப்படி இருக்கையில் சபைப் பெண்கள் சங்கத்தார் ஆண்டு விழாவுக்கு என்னிடம் ஒரு விழிப்புணர்வுப் பேச்சு கேட்டார்கள். முந்தின வருஷம் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒருவர் வந்து பேசினார். பாவம், நல்ல மனிதர். அவர் பேசி முடிக்கும்வரை சபையார் எல்லோரும் பிரியாணி அண்டா வைத்திருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கதி வேண்டாம் என்று தோன்றியது. "பேச்சு வேண்டாம், நாடகம் போடுறேன்" என்றேன்.

நாடகம் என்று காதில் விழுந்த அன்று சாயங்காலமே அத்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் கொடுங்கோல் ராஜா அவர்தான். வேறு யாருக்கும் அந்த வேஷத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

"எனக்கு என்ன ரோல்?"

"பாக்டீரியா, அத்தான்."

"வில்லனா?"

"ஆமா. கதையே உங்களச் சுத்தித்தான்."

அவருக்கு மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு சிரிப்புக்கும் காரணம் வேறு.

ஒத்திகை குர்லா பட்டறையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, எல்லோருமாக ரயிலேறிப் போவோம். மெஷின்கள் ஓடாத பட்டறையில் நடுவில் நல்ல இடம் உண்டு. பழைய டிவிப் பெட்டி, மிக்ஸிப் பெட்டி என்று அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து அத்தானைச் சுற்றி அடுக்கினோம். அதுதான் பாக்டீரியாவின் சுவர். அவர் உள்ளே நின்று பழுப்பு டேப்பால் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாக்டீரியா வளர வளர சுவரையும் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டுகிற வேலை நின்றால் சுவர் தாங்காது. வெளியே இருந்து தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பி வெடித்துவிடும்.

அந்த ஒட்டுகிற கையைப் பிடிப்பதுதான் பெனிசிலின் குடும்பத்து மருந்துகளின் வேலை. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அமாக்சிசிலின். அந்த வேஷத்தை என் கணவருக்குக் கொடுத்தேன். அவர் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருக்கிறார். கோபப்பட்டால் அது எனக்கே மறுநாள்தான் தெரியவரும், அப்படி ஒரு ஆள். அந்த மருந்தின் பலம் நாலு மூலை உள்ள ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது என்பதால், அட்டையில் நாலு மூலை வளையம் வெட்டி அவர் கையில் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் டேப் பிடித்திருக்கும் அத்தானின் மணிக்கட்டில் மாட்ட வேண்டும்.

"அப்ப நம்ம உடம்புல இருக்க சுவரும் இடிஞ்சிராதா?" என்று என் கணவர் கவலையோடு கேட்டார்.

"நம்ம செல்லுக்குச் சுவரே கிடையாது. அதனாலதான் அந்த மருந்து நம்மள விட்டுட்டு அதை மட்டும் அடிக்கு."

"அப்பச் சரி" என்று வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அக்கா அசித்ரோமைசின். அந்த வகை மருந்து சுவர் பக்கம் போவதில்லை. உள்ளே பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்கிற இடத்துக்குப் போகும். புரதம் சரம் சரமாக வெளியே வருகிற துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டு உட்காரும். இதை மேடையில் எப்படிக் காட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அக்காவே வழி சொன்னாள். "முறுக்கு அச்சுல ஓட்டைய அடச்சா முறுக்கு வருமா? அவ்வளவுதானே?" வீட்டு முறுக்கு அச்சும் பிசைந்த மாவும் வந்தன. அத்தான் முறுக்குப் பிழிவார். அக்கா வந்து உள்ளங்கையால் அடியை அடைப்பாள்.

அவர்கள் மகள், கல்லூரியில் படிக்கிறவள், சிப்ரோஃப்ளாக்சசின். பாக்டீரியாவின் உள்ளே அதன் பரம்பரை எல்லாம் எழுதிய ஒரு நீளமான இழை உண்டு. அதைப் பிரதி எடுக்கும்போது சிக்கு விழும். சிக்கெடுக்கிற ஒரு நொதி, இழையை வெட்டி, முறுக்கை எடுத்து, திரும்ப ஒட்டிவிடும். வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் இந்த மருந்து. துணி காயப்போடும் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டோம். அத்தான் சிக்கை வெட்டியதும் அவள் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவே நேரமாகும் என்பதால் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"சித்தி, இது என்ன ரோல்? கயிறைப் பிடிச்சிட்டு நிக்கணும், பஸ், அவ்வளவுதானா?"

"அப்பாவ எதுத்து நிக்க சான்ஸ் கெடைக்கு. அது போதாதா?"

"அரே, ஆமால்ல" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

சல்பா மருந்துக்கும் ஒரு ஆள் தேடினேன். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய ஒரு பொருளைப் போலவே இருக்கிற போலி இது. உள்ளே போய் உட்கார்ந்து தயாரிப்பைக் கெடுத்துவிடும். நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால் நமக்குத் தொந்தரவில்லை. எங்கள் சந்து முனையில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கேட்டேன். "டூப்ளிகேட் வேஷமா? தங்கச்சி, மெடிக்கல் கடைக்காரன் மேடையில ஏறி நான் டூப்ளிகேட்டுன்னு சொன்னா மறுநாள் யாரு என் கடைக்கு வருவா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன்.

முதல் ஒத்திகையில் எல்லாம் நன்றாகப் போனது. அத்தான் அழகாக விழுந்தார். இரண்டாவது ஒத்திகையில் விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

"ஏட்டி, ஒரு டவுட்டு."

"சொல்லுங்க அத்தான்."

"தம்பி வளையத்தத் தூக்கிட்டு வாரான். நான் பாத்துட்டு நிக்கேன். மாட்டுதான். அப்பவும் நிக்கேன். ஒரு கத்திரிய எடுத்து அந்த வளையத்த வெட்டி வீசிர மாட்டேனா?"

அப்போது நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷ வேலையில் வீட்டு மனிதர்கள் யாரும் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு சரியான கேள்வி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நெசமாவே அப்படி உண்டு அத்தான். அந்த வளையத்த வெட்டுறதுக்குன்னே சில பாக்டீரியா ஒரு நொதி வச்சிருக்கு."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அந்தக் கத்திரிக்கு டிராயிங் யாரு குடுக்கா?"

"அதுகளுக்குள்ளயே. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சின்னதா ஒரு வளைய டிஎன்ஏ குடுக்கும். அதுல எழுதியிருக்கும்."

"பக்கத்துப் பட்டறைக்காரன் நம்ம டிராயிங்க ஜெராக்ஸ் எடுக்க மாதிரி."

"அப்படியேதான்."

"அசித்ரோவுக்கு?"

"அடைக்கிற இடத்தோட அமைப்பையே கொஞ்சம் மாத்திரும். மருந்து வந்தா ஒட்டாது."

"சிப்ரோவுக்கு?"

"அதுலயும் அமைப்ப மாத்துறது உண்டு. இல்லன்னா பம்ப் வச்சு, உள்ள வந்த மருந்த வெளியே தள்ளிரும்."

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் விழா விளக்குப் போட்டது போல மலர்ந்தது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கணவர் மட்டும் ஒரு ஓரத்தில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் அண்ணனுக்கு எதுக்குச் சொல்லுத?" என்று மெதுவாகக் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழா அன்று சபை மண்டபம் நிறைந்துவிட்டது. மான்குர்திலிருந்துகூட ஜனங்கள் வந்திருந்தார்கள். தலைமை விருந்தினராக மாட்டுங்காவிலிருந்து வயதான டாக்டர் ஒருவரை அழைத்திருந்தோம். முன் வரிசையில் போதகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தான் பச்சைச் சட்டை போட்டு, உடம்பெல்லாம் சின்ன பலூன் கட்டிக்கொண்டு, பெட்டிச் சுவருக்குள் நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "நானே ராஜா! உங்க ரத்தத்துலயும் சளியிலயும் என் ராஜ்யம்!" என்று கர்ஜித்தார். அது என் வசனம் இல்லை. ஆனாலும் கைத்தட்டல் விழுந்தது.

என் கணவர் மேடையேறினார். "நான் அமாக்சிசிலின்" என்று மைக்குக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு வளையத்தை நீட்டினார். அத்தான் குனிந்து, கால்சட்டைக்குப் பின்னால் இருந்து ஒன்றை உருவினார். பட்டறையில் தகடு வெட்டுகிற கத்திரி. வளையத்தை ஒரே வெட்டு. இரண்டு துண்டும் தரையில் விழுந்தன.

மண்டபம் முழுக்க விசில்.

என் கணவர் திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அக்காவைத் தள்ளினேன். அக்கா விறுவிறுவென்று போய் முறுக்கு அச்சின் அடியில் கையை வைத்தாள். அத்தான் சிரித்துக்கொண்டே அந்த அச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறு ஒரு பெரிய அச்சை எடுத்தார். இனிப்புக் கடையில் இரவல் வாங்கிய சேவு அச்சு, அகலமோ அகலம். அக்காவின் கையால் கால்வாசி ஓட்டையைக்கூட அடைக்க முடியவில்லை. விரலிடுக்கு வழியாகச் சேவு வழிந்தது. பெண்கள் பகுதியில் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்து மகள் வந்தாள். கயிற்றைத் தொடுவதற்குள் அத்தான் அவளை இரண்டு தோளையும் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவருக்கு வெளியே வைத்தார். அவள் மறுபடி உள்ளே போனாள். மறுபடி தூக்கி வைத்தார். "பம்ப்! பம்ப்!" என்று ஜனங்களுக்கு விளக்கமும் கொடுத்தார். "பப்பா, சீட்டிங்!" என்று அவள் கத்தினாள்.

மருந்து மூன்றும் மேடையோரத்தில் தோற்றுப்போய் நின்றன. பாக்டீரியா நடுமேடையில் கத்திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. வாலிபர் பகுதியிலிருந்து "ஒன்ஸ் மோர்!" என்று குரல் வந்தது. என் நாடகத்தில் இதற்கு மேல் ஒரு வரியும் எழுதப்படவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்ற அக்காதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

"இந்த ராஜாவுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்துச்சு தெரியுமா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வீட்டு ஃபிரிட்ஜு மேல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. நல்லாயிட்டுன்னு பாதி மாத்திரைய அதுல போடுதாரு. அதத் திரும்ப எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்காரு. இந்தச் சபையிலயே எத்தன பேரு வாங்கித் தின்னுருக்கீங்க, கையத் தூக்குங்க பாப்போம்."

யாரும் கையைத் தூக்கவில்லை. ஆனால் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் சங்கத் தலைவி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அத்தான் ஒரு கணம் அத்தானாகிப்போனார், முகம் கறுத்தது. எனக்கு நான் கேட்ட காட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் நடிகர். தலையை நிமிர்த்தினார்.

"ஆமா! அந்த டப்பாதான் என் தாய் வீடு! பாதி மருந்து குடுத்தே என்னை வளத்தாங்க. முழுசாத் தின்னுருந்தா நான் அன்னைக்கே செத்துருப்பேன்!"

மண்டபம் அதிர்ந்தது. மாட்டுங்கா டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் நுழையாத விஷயம் இரண்டு வாக்கியத்தில் நுழைந்துவிட்டது, அதுவும் அவர் வாயாலேயே. ஆனால் பாக்டீரியா ஜெயித்த நிலையில் திரையை இழுக்க நான் தயாராக இல்லை.

திரைக்குப் பின்னால் வளையங்கள் கிடந்தன. ஒத்திகையில் அத்தான் நசுக்கி நசுக்கி, மாற்றுக்கு மாற்று நான் வெட்டி வைத்தவை. இரண்டை எடுத்துக்கொண்டு நான் மேடைக்கு ஓடினேன். ஒன்றைக் கணவர் கையில் திணித்தேன். இன்னொன்றைக் கொண்டுபோய் நேராக அத்தானின் கத்திரி வாய்க்குள் செருகினேன்.

"நீ யாருட்டி?" என்றார் அத்தான், நிஜமான திகைப்போடு.

"கிளாவுலானிக் அமிலம்!" என்று கத்தினேன். "எனக்குப் பெருசா யாரையும் கொல்லத் தெரியாது. கத்திரிக்குள்ள போய் மாட்டிக்கிடத்தான் தெரியும்!"

அது உண்மைதான். அமாக்சிசிலினோடு சேர்த்து ஒரே மாத்திரையில் கொடுக்கிற சரக்கு அது. வளையத்தைப் போலவே இருக்கும். கத்திரி ஏமாந்து அதைக் கடிக்கும். கடித்த பிறகு விடமுடியாது. நானும் கத்திரியின் இரண்டு பிடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அத்தான் உதறிப் பார்த்தார். நான் விடவில்லை. "போங்க! மாட்டுங்க!" என்று கணவரைப் பார்த்து அலறினேன். அவர் ஓடிவந்து, "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வளையத்தை மணிக்கட்டில் மாட்டினார். அந்த மன்னிப்பு மட்டும் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

டேப் கீழே விழுந்தது. மகள் இதுதான் சமயம் என்று டிவிப் பெட்டியை ஒரு உதை விட்டாள். சுவர் சரிந்தது. தண்ணீர் புகும் காட்சிக்காக வைத்திருந்த வாளியிலிருந்து அக்கா கொஞ்சம் தெளித்துக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. அவள் முழு வாளியையும் அத்தானின் தலையில் கவிழ்த்தாள். சரிந்த பெட்டிகளில் இடித்துப் பலூன்கள் படபடவென்று வெடித்தன. அத்தான் உடனே சாகவில்லை. ராஜாவாக வருஷா வருஷம் செத்த அனுபவம் உண்டல்லவா? ஒரு முழங்காலில் விழுந்தார், எழுந்தார், போதகரைப் பார்த்துக் கை நீட்டினார், பிள்ளைகளை எச்சரித்தார், மறுபடி விழுந்தார். அவர் செத்து முடிப்பதற்குள் பிரியாணி பரிமாறும் ஆட்கள் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாட்டுங்கா டாக்டர் மேடைக்கு வந்து ஈரத்தில் நின்ற அத்தானின் கையைக் குலுக்கினார். "ரொம்ப நன்னாப் பண்ணினேள். நெஜத்துலயும் நீங்கதான் ஜெயிச்சிண்டிருக்கேள், அதுதான் எங்களுக்குக் கவலை" என்றார். அத்தான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுவாரம் வேலைக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த என்னை மெடிக்கல் கடை அண்ணாச்சி கை தட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ன பண்ணி வச்சிருக்க? எல்லாரும் வந்து கத்திரியப் பிடிக்க மருந்து குடுங்க, கத்திரியப் பிடிக்க மருந்து குடுங்கன்னு கேக்காங்க."

"எதுக்குக் கேக்காங்க?"

"ஜலதோஷத்துக்கு."

எனக்குத் தலை சுற்றியது. விழிப்புணர்வு உண்டாக்கப் போய் ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்து வைத்திருக்கிறேன். "டாக்டர் சீட்டு இல்லாம குடுக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். "நான் எங்க குடுத்தேன்?" என்று அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிவில், அறிவிப்புகளுக்கு முன்னால், கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கி மைக்கைப் பிடித்தேன். "ஜலதோஷம் வைரஸால வாரது. அதுக்குச் சுவரும் கிடையாது, முறுக்கு அச்சும் கிடையாது. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, நம்ம சாமானை வச்சே வேலைய முடிச்சுக்கிடும். ஆன்டிபயாடிக் போய் அடிக்க அங்க எதுவுமே இல்ல. சும்மா கஞ்சியக் குடிச்சிட்டுப் படுங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தான் பின்னாலிருந்து, "அந்த வைரஸ் வேஷம் யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார்.

மழைக்காலத்தில் பட்டறையில் இரும்புப் பிசிறு ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். விரல் வீங்கி, பழுத்து, உள்ளங்கைவரை சிவந்துவிட்டது. டப்பாவிலிருந்து எதையும் எடுத்துத் தின்னவும் வழியில்லை. விழா முடிந்த கையோடு அக்கா அதைக் காலி செய்து பருப்பு போட்டு வைத்திருந்தாள். டாக்டரிடம் போனார். டாக்டர் கீறி, சீழை எடுத்து, எங்கள் கூடத்துக்கே அனுப்பினார்.

ரிப்போர்ட் வாங்க அவரே கட்டுப் போட்ட கையோடு செம்பூர் வந்தார். "ஏட்டி, என் ஆளக் காட்டு" என்றார். உள்ளே யாரையும் விடக்கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, மூடிய தட்டைத் தூக்கிக் காட்டினேன். வில்லைகள் அடுக்கியிருந்தன. பலவற்றின் விளிம்புவரை பாக்டீரியா மெத்து மெத்தென்று வளர்ந்திருந்தது. இரண்டு மூன்றைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம்.

கண்ணாடி வழியாகச் சைகையில் கேட்டார். நான் வெளியே வந்து சொன்னேன். பெனிசிலின் குடும்பம் வேலை செய்யவில்லை, நான் நடித்த வேஷத்தைச் சேர்த்தும். இது கத்திரி வைத்திருக்கிற ரகம் மட்டும் இல்லை, சுவர் ஒட்டுகிற கையையே மாற்றிக்கொண்ட ரகம். அசித்ரோ இல்லை. சிப்ரோ இல்லை. டாக்சிசைக்ளின் வேலை செய்கிறது. அது புரதம் செய்கிற இடத்துக்குச் சாமான் வந்து இறங்கவிடாமல் தடுக்கும்.

அவர் நல்ல கையால் போனை எடுத்து டிராம்பேயில் வேலையில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன்னால என்னை ஒண்ணும் செய்ய முடியலியாம். ரிப்போர்ட்டே வந்துட்டு."

ஸ்பீக்கரில் என் கணவர் குரல் கேட்டது. "கட்டு மாத்தினீங்களாண்ணே? ராத்திரி தூங்குனீங்களா?"

அத்தான், "மாத்துனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஏட்டி, கை போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். லேத்தில் நிற்கிறவருக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் போகாது அத்தான். இந்தத் தடவ மட்டும் நான் சொல்லுத மாதிரிச் சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார், டாக்டர் சொன்ன கடைசி மாத்திரைவரை. நிறைய தண்ணீரோடு விழுங்கி, படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பால் கூடாது, வெயிலில் அதிகம் அலையக்கூடாது என்று விதிகள் இருந்தன. பால் கூடாது என்றால் டீ கூடாது. குர்லா பட்டறையில் டீ இல்லாமல் ஒரு மனிதர் நிற்பதை யாரும் பார்த்ததில்லையாம். வேலையாட்களே பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அக்கா காலையும் மாலையும் எதிரில் நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். மகள் அதைப் போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள்.

விரல் ஆறிவிட்டது. நகம் கோணலாக முளைத்தது, அவ்வளவுதான். போன வாரம் சந்தில் நடந்து போகையில் எதிர்வீட்டு மாமியிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மாமி தொண்டை வலிக்கு ஏதாவது மாத்திரை இருந்தால் கொடு என்று கேட்டிருக்கிறார். அத்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மாமி, மொதல்ல அது பாக்டீரியாவா வைரஸான்னு பாக்கணும். நீங்க பாட்டுக்குத் தின்னக்கூடாது. செம்பூர்ல நமக்கு ஆள் இருக்கு."

நான் நடையைத் துரிதப்படுத்தி அடுத்த சந்துக்குள் நுழைந்துவிட்டேன். நின்றிருந்தால் அந்த இடத்திலேயே மாமியின் வாயைத் திறக்கச் சொல்லி என்னைப் பார்க்க வைத்திருப்பார்.